வாங்குபவர் மௌனமானால்: இணையக் கடை விற்பனையிலிருந்து முறையாக விலகும் வழி

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், மூன்று மாநிலங்கள் நெருங்கிவரும் மூலையில் உள்ள ஊர் ராமகுப்பம். அலுவலகங்களில் தெலுங்கு, சந்தையில் தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. இவ்வூரில் ஒரு பெண்மணி புளி, கேழ்வரகு மாவு, ஊறுகாய் வகைகளை இணையத்தின் வழியே விற்றுவருவதாக வைத்துக்கொள்வோம். சொந்த வலைத்தளம், ஓரளவு பெயர்பெற்ற வணிகப் பெயர், சமூக ஊடகப் பக்கம், வாடிக்கையாளர் பட்டியல், கிடங்கில் சிறிது சரக்கு ஆகியவையே அவருடைய கடை. குடும்பச் சூழல் காரணமாகக் கடையை மொத்தமாக விற்க முடிவு செய்கிறார்.

பெங்களூருவைச் சேர்ந்த ஒருவர் ரூ. 6,00,000 விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வருகிறார். ஜூன் 5ஆம் நாள் வாட்ஸ்அப் செய்திகளில் பேரம் முடிகிறது. அன்றே ரூ. 50,000 முன்பணம் வங்கிக் கணக்கில் வரவாகிறது. பாக்கியை ஜூன் 30க்குள் தருவதாகப் பேச்சு. ஜூன் 29 அன்று, "ஜூலை 15 வரை பொறுங்கள்" என்று செய்தி வருகிறது. நம் வணிகரும் "சரி" என்று பதில் அனுப்புகிறார். ஜூலை 15 கடந்து போகிறது. அழைத்தால் எடுப்பதில்லை. செய்திகள் படிக்கப்பட்டதற்கு நீலக்குறி தெரிகிறது. பதில் மட்டும் இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் சேலத்திலிருந்து வேறொருவர் ரூ. 5,40,000 தருவதாகக் கேட்கிறார்.

கிடங்கிலுள்ள புளி நாளுக்கு நாள் கறுக்கிறது. கவனிப்பாரற்ற இணையக் கடையின் மதிப்பும் அவ்வாறே மங்கும். வந்த ஆர்டர்களுக்குப் பதில் போகாவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். கடன் தவணையோ மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும். இந்நிலையில் அவர் சேலத்துக்காரருக்கு விற்றுவிடலாமா? ஐம்பதாயிரத்தை வைத்துக்கொள்ளலாமா, திருப்பித் தர வேண்டுமா? வங்கிக் கிளைகளில் இத்தகைய கேள்விகள் இப்போது அடிக்கடி எழுகின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோர், "அவர்தான் பேசுவதில்லையே, ஒப்பந்தம் தானாகவே முறிந்துவிட்டது" என்ற எண்ணத்துடனேயே வருகிறார்கள். அந்த எண்ணம் சரியன்று.

கையொப்பம் இல்லாமலும் ஒப்பந்தம் உண்டு

முதலில் ஒப்பந்தம் உண்டானதா என்று பார்க்க வேண்டும். வணிகவியல் மாணவர்கள் அறிந்த பழைய பாடம்தான் இது. ஒருவர் முனைவு தெரிவிக்கிறார், மற்றவர் அதை ஏற்கிறார், கைமாறு இருக்கிறது, ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இத்தகைய வணிகப் பேரத்துக்கு முத்திரைத்தாளையோ கையொப்பத்தையோ கட்டாயமாக்கவில்லை. மின்னணுச் செய்திகள் வழியே உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-அ பிரிவு கூறுகிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட இப்பிரிவு, 2009 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது.

உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் தீர்ப்பளித்த டிரைமெக்ஸ் – வேதாந்தா அலுமினியம் வழக்கு இவ்வகையில் முக்கியமானது. 2007 அக்டோபரில் ஐந்து கப்பல் பாக்சைட் வழங்குவது பற்றி இரு நிறுவனங்களும் மின்னஞ்சலில் பேசின. ஒருபுறமிருந்து முனைவு சென்றது. மறுபுறமிருந்து ஏற்பு வந்தது. முறையான ஒப்பந்தப் பத்திரம் கையொப்பமாகவில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் முழுமை பெற்றுவிட்டது என்றது. கப்பல் கணக்கில் பாக்சைட் விற்பவருக்கு உள்ள விதிதான் ராமகுப்பத்தில் கடை விற்பவருக்கும்.

பேரம் முடியாமல், "யோசித்துச் சொல்கிறேன்" என்ற நிலையிலேயே மறுதரப்பு மௌனமாகிவிட்டால் சிக்கல் ஏதும் இல்லை. ஏற்பு வராதவரை முனைவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நியாயமான காலம் கடந்தால் அது தானே காலாவதியாகிவிடும். மௌனத்தை ஏற்பாகக் கொள்ளவும் முடியாது. 1862இல் இங்கிலாந்தில் நடந்த ஃபெல்ட்ஹவுஸ் – பிண்ட்லி வழக்கில், ஒருவர் தம் சகோதரர் மகனுக்கு, "உன்னிடமிருந்து பதில் ஏதும் வராவிட்டால் குதிரை எனக்குச் சொந்தம் என்று கொள்வேன்" என்ற பொருளில் கடிதம் எழுதினார். பதில் வராததால் குதிரை அவருக்குச் சொந்தமாகிவிடவில்லை. வணிகவியல் வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் வழக்கு இது.

நம் வணிகரின் நிலை அதுவன்று. விலை பேசப்பட்டது, முன்பணம் வந்தது, நாள் குறிக்கப்பட்டது. அங்கே ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கும்வரை சேலத்துக்காரருக்கு விற்பது அவருடைய தரப்பிலேயே ஒப்பந்த மீறலாகிவிடும். அதுவரை மௌனமாக இருந்தவர் அப்போது வாய் திறப்பார், வழக்கறிஞருடன் வருவார். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று ஆணையிடுவதில் நீதிமன்றங்களுக்கு முன்பிருந்த தயக்கம் குறைந்திருக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தள்ளிவைத்த நாள்

"ஜூன் 30 கடந்தது, ஜூலை 15ம் கடந்தது, இன்னும் என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதை இரண்டாகப் பிரிக்கிறது. குறித்த காலமே ஒப்பந்தத்தின் உயிர்நிலை என்று இரு தரப்பும் கருதியிருந்தால், அந்த நாள் தவறியதும் மறுதரப்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அவ்வாறு கருதப்படவில்லையெனில் நாள் தவறியதற்கு இழப்பீடு கேட்கலாம், முறிக்க முடியாது. நாளைத் தள்ளிவைக்கச் சம்மதிக்கும் ஒவ்வொரு "சரி"யும், அந்த நாள் உயிர்நிலை அன்று என்பதற்குச் சான்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது.

இதற்குச் சிறந்த உதாரணம் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் – தில்லி வளர்ச்சி ஆணையம் வழக்கு. 1982இல் தில்லி பிகாஜி காமா பகுதியில் ஒரு மனையை ஆணையம் ஏலம் விட்டது. அந்நிறுவனம் ரூ. 3.12 கோடிக்கு ஏலம் எடுத்து, நான்கில் ஒரு பங்கான ரூ. 78 லட்சத்தை முன்பணமாகச் செலுத்தியது. பாக்கியைச் செலுத்தும் நாள் பலமுறை தள்ளிப்போனது; ஆண்டுகள் உருண்டன. 1993இல் ஆணையம் திடீரென ஒதுக்கீட்டை ரத்துச் செய்து ரூ. 78 லட்சத்தையும் பறிமுதல் செய்தது. மறு ஆண்டு அதே மனை மறு ஏலத்தில் ரூ. 11.78 கோடிக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்து 2015 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. காலக்கெடுவை ஆணையமே நீட்டித்துக்கொண்டு வந்தபின் காலம் உயிர்நிலை என்று கூறமுடியாது என்றும், மனை பன்மடங்கு விலைக்கு விற்றிருப்பதால் ஆணையத்துக்கு இழப்பே இல்லை, ஆகவே முன்பணத்தைப் பறிமுதல் செய்ய இடமில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. பணம் வட்டியுடன் திரும்பியது.

விற்பவர் பொறுமை காட்டியது தவறு என்று இத்தீர்ப்பைப் படிக்கக் கூடாது. பொறுமை காட்டியவர், அது முடியும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பெருநிறுவனங்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. இணையவழிப் பணப்பரிமாற்ற நிறுவனமான பில்டெஸ்கை 470 கோடி டாலருக்கு வாங்குவதாக பேயு நிறுவனத்தின் தாய் நிறுவனமான புரோசஸ் 2021 ஆகஸ்டில் அறிவித்தது. நிபந்தனைகள் நிறைவேறுவதற்கான கடைசி நாளாக 2022 செப்டம்பர் 30 குறிக்கப்பட்டிருந்தது. இந்தியப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் அதே மாதம்தான் கிடைத்தது. ஆயினும் கடைசி நாளுக்குள் சில நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று கூறி, அக்டோபர் முதல் வாரத்தில் புரோசஸ் விலகிக்கொண்டது. அவ்வளவு பெரிய பேரத்திலும் விலகுவதற்கு ஆதாரமாக அமைந்தது முன்பே எழுதிவைத்த ஒரு தேதி. ஆறு லட்ச ரூபாய்ப் பேரத்தில் அந்தத் தேதியை எழுத ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். பெரும்பாலோர் அதைக்கூட எழுதுவதில்லை.

அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும்

எழுதாமல் விட்டவருக்கும் வழி உண்டு. புதிதாக ஒரு நியாயமான கெடுவை விதித்து, அதுவே இறுதி என்று தெளிவாக அறிவிப்பதுதான் அவ்வழி. எத்தனை நாள் நியாயம் என்பது பண்டத்தையும் தொகையையும் பொறுத்தது. இத்தகைய சிறு கடைக்குப் பத்து முதல் பதினைந்து நாள் போதும் என்பது என் கருத்து. இரண்டு நாள் கெடு விதித்து மூன்றாம் நாள் விற்பவர் நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லச் சிரமப்படுவார்.

அறிவிப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

"ஜூன் 5ஆம் நாள் வாட்ஸ்அப் வழியே நமக்குள் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, என் இணையக் கடையை ரூ. 6,00,000 விலைக்கு வாங்க ஒப்புக்கொண்டு ரூ. 50,000 முன்பணம் செலுத்தினீர்கள். பாக்கி ரூ. 5,50,000 செலுத்துவதற்கு முதலில் ஜூன் 30ம், பின்னர் தங்கள் வேண்டுகோளின்படி ஜூலை 15ம் குறிக்கப்பட்டன. இரு நாள்களும் கடந்துவிட்டன. கடையை ஒப்படைக்க நான் இன்றும் ஆயத்தமாக உள்ளேன். ஆகஸ்ட் 20 மாலை 5 மணிக்குள் பாக்கித் தொகை என் வங்கிக் கணக்கில் வரவாக வேண்டும். இக்கெடு இறுதியானது, இனி நீட்டிக்கப்பட மாட்டாது. தொகை வராவிடில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கடையை வேறொருவருக்கு விற்பேன். எனக்கு ஏற்படும் மெய்யான இழப்பைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தில் மீதி இருப்பின் அதைப் பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புவேன்."

"ஒப்படைக்க நான் ஆயத்தமாக உள்ளேன்" என்ற வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால், விற்பவரே தயாராக இல்லை என்று மறுதரப்பு வாதிடக்கூடும். வசைச் சொற்களும் மிரட்டலும் வேண்டா. அக்கடிதம் ஒருநாள் நீதிபதியின் மேசையில் இருக்கக்கூடும். எந்த மொழியில் எழுதுவது என்றும் சிலர் கேட்கிறார்கள். இருவரும் பேரம் பேசிய மொழியிலேயே எழுதலாம். ராமகுப்பம் போன்ற ஊர்களில் பேரம் மூன்று மொழிகளில் நடந்திருக்கும். அவற்றுள் வாங்குபவர் எழுதிய மொழி எதுவோ அதுவே பாதுகாப்பானது.

கெடு முடிந்ததும் இரண்டாவது கடிதம் ஒன்று அவசியம். "ஆகஸ்ட் 20 மாலை 5 மணி வரை தொகை வரவில்லை, ஆகவே ஒப்பந்தத்தை இன்றுடன் முறித்துக்கொள்கிறேன்" என்று இரண்டே வரி போதும். சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி, முனைவைத் திரும்பப் பெறுவதைத் தெரிவிக்கும் முறையிலேயே ஒப்பந்த முறிவையும் மறுதரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். மனத்திற்குள் முறித்துக்கொண்டால் அது முறிவாகாது.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு பலர் செய்யும் ஒரு செயல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நான்கு நாள் கழித்து, "பணம் எப்போதுதான் அனுப்புவீர்கள்?" என்று மீண்டும் ஒரு செய்தி! ஒப்பந்தம் தொடர்வதற்குச் சொல்லாலோ செயலாலோ இணங்கியவர் அதை முறிக்க முடியாது என்பது 39ஆம் பிரிவின் கருத்து. முறித்தபின் பாக்கிப் பணத்தைக் கேட்பது, முறித்ததை நாமே மறுப்பதற்குச் சமம்.

பேசாதவருக்குத் தெரிவிப்பது எப்படி

தெரிவித்தால்தான் முறிவு என்றால், பதிலே தராதவருக்கு எப்படித் தெரிவிப்பது? அவர் பதில் தர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை; அவர் அறியும்படி முறையாக அனுப்பியதற்குச் சான்று வேண்டும். பேரம் நடந்த வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல், அஞ்சல் முகவரி என்று மூன்றுக்கும் ஒரே நாளில் ஒரே அறிவிப்பை அனுப்ப வேண்டும். சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படாத வரை சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு. அஞ்சலகத்தில் பதிவும் ஒப்புகையும் சேர்த்து அனுப்பக் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உறை "பெற்றுக்கொள்ள மறுத்தார்" என்ற குறிப்புடன் திரும்பி வந்தால், பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

வாட்ஸ்அப் நீலக்குறிக்கும் மதிப்புண்டு. 2018 ஜூன் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில், கடன் அட்டை நிலுவை தொடர்பான ஒரு வழக்கில் பி.டி.எஃப். கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பு, சேர்ந்ததோடு திறந்தும் பார்க்கப்பட்டிருப்பதைக் குறிகள் காட்டுகின்றன என்று நீதிபதி கௌதம் படேல் அதை ஏற்றார். ஆனால் நீலக்குறியை அணைத்துவைக்கும் வசதியும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஆகவே அதை மட்டும் நம்பியிருக்க வேண்டா. உரையாடலையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல், அவை உள்ள கைப்பேசியையே பாதுகாத்து வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின்படி மின்னணு ஆவணங்களைச் சான்றிதழுடன் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். வெறும் திரைப்படங்களை அச்சிட்டு நீட்டினால் போதாது.

இவ்விடத்தில் வாடிக்கையாளர்களின் ஒரு மனக்குறையைக் குறிப்பிட வேண்டும். வாங்குபவரைப் பற்றிக் கைப்பேசி எண்ணைத் தவிர ஒன்றும் தெரியாத நிலையில், "முன்பணம் அனுப்பிய கணக்கு இருக்கிறதே, அவர் முகவரியைத் தாருங்கள்" என்று கிளையில் கேட்பார்கள். வங்கியால் தர இயலாது. ஒரு வாடிக்கையாளரின் விவரங்களை மற்றவருக்கு வெளியிடாதிருப்பது வங்கியின் கடமை. நாளை உங்கள் முகவரியை வேறொருவர் கேட்டு வந்தாலும் இதே பதில்தான். நீதிமன்றமோ உரிய அதிகாரியோ சட்டப்படி கேட்டால் அளிக்கப்படும். ஆகவே முன்பணத்தை ஏற்பதற்கு முன்பே முழு முகவரியையும் அடையாளச் சான்றையும் கேட்டு வாங்குவதே நல்லது. கேட்கத் தயங்குவோர் உண்டு. ஆறு லட்சத்துக்கு வணிகம் செய்ய வந்தவர் முகவரி சொல்லத் தயங்கினால், அவரிடம் விற்கத் தயங்குவதே சரி.

இன்னொன்று. மௌனம் எப்போதும் வஞ்சகமன்று. நோய், விபத்து, வீட்டில் துக்கம் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அறிவிப்பு அனுப்புவதற்கு முன் வேறு எண்ணிலிருந்தோ அறிமுகமான ஒருவர் மூலமாகவோ ஒருமுறை விசாரிப்பது பண்பும் ஆகும், விவேகமும் ஆகும்.

ஐம்பதாயிரம் யாருக்கு?

"முன்பணம் கொடுத்தவர் பின்வாங்கினால் பணம் போச்சு" என்பது ஊர்வழக்கு. சட்டம் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபதே சந்த் வழக்கில், தில்லியில் ஒரு வீடு ரூ. 1,12,500 விலைக்குப் பேசப்பட்டது. வாங்குபவர் அச்சாரமாக ரூ. 1,000, பின்னர் ரூ. 24,000 செலுத்தியிருந்தார். விற்பனை நிறைவேறாதபோது விற்பவர் இருபத்தையாயிரத்தையும் தமதாக்கிக்கொள்ள முயன்றார். அச்சாரமான ஆயிரத்தை வைத்துக்கொள்ளலாம், இழப்பை நிரூபிக்காமல் இருபத்து நான்காயிரத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று தீர்ப்பாயிற்று. 1969இன் மௌலா பக்ஷ் வழக்கில் இராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் முட்டை, மீன் முதலியனவும் வழங்க ஒப்புக்கொண்டவர் ரூ. 10,000, ரூ. 8,500 எனக் காப்புத்தொகை கட்டியிருந்தார். அவர் சரிவர வழங்கவில்லை. ஆயினும் இழப்பைக் காட்டாமல் அரசு அத்தொகைகளை எடுத்துக்கொண்டது செல்லாது என்றது நீதிமன்றம்.

2012இல் வந்த சதீஷ் பத்ரா வழக்கின் தீர்ப்பு வேறு கோணத்தைக் காட்டுகிறது. ரூ. 70 லட்சம் விலையில் ரூ. 7 லட்சம், ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான உறுதியாக, அச்சாரம் என்று தெளிவாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. வாங்குபவர் தவறியதால் விற்பவர் அதை வைத்துக்கொண்டது செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. ஆகவே எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். "அட்வான்ஸ் அனுப்பியிருக்கிறேன்" என்று மட்டும் ஒரு செய்தி இருந்தால், அது விலையின் ஒரு பகுதி என்றே பெரும்பாலும் கொள்ளப்படும்.

நம் வணிகரிடம் அச்சாரம் என்ற எழுத்து இல்லை. எனவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒப்பந்தத்தை முறைப்படி முறித்தபின் சேலத்துக்காரருக்கு ரூ. 5,40,000க்கு விற்றால் இழப்பு ரூ. 60,000. முன்பணம் ரூ. 50,000 அதில் அடங்கிவிடும். திருப்பித் தர ஒன்றுமில்லை. எஞ்சிய ரூ. 10,000ஐ வழக்குப் போட்டுக் கேட்க உரிமை உண்டு. செலவைப் பார்த்தால் விட்டுவிடுவதே மேல். அதே கடை ரூ. 5,80,000க்குப் போனால் இழப்பு ரூ. 20,000, மீதி முப்பதாயிரம் திரும்பிச் செல்ல வேண்டும். ரூ. 6,10,000க்குப் போனால் இழப்பே இல்லை. ஐம்பதாயிரமும் திரும்ப வேண்டும். இரண்டாம் விற்பனை நியாயமான விலைக்கு நடந்தது என்பதற்கு, வேறு யார் யாரிடம் விலை கேட்கப்பட்டது என்ற குறிப்புகள் தேவைப்படும். உறவினருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு இழப்பு என்று கூற முடியாது.

வைத்துக்கொண்ட தொகைக்கு வரியும் உண்டு. மூலதனச் சொத்து ஒன்றை விற்கும் பேரத்தில் பறிமுதலான முன்பணம், 2014ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் திருத்தத்துக்குப் பிறகு பிற வழி வருமானமாகக் கருதப்படுகிறது. உங்கள் தணிக்கையாளரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

சேலத்துக்காரரை ஆகஸ்ட் 20 வரை எப்படி நிறுத்திவைப்பது? உண்மையைச் சொல்லிவிடுவதே எளிது: "முன்னொருவருடன் ஒப்பந்தம் இருக்கிறது, இந்நாளில் முடிவு தெரியும்." அதற்கு முன் அவரிடம் முன்பணம் வாங்கினால் ஒரே கடைக்கு இரண்டு ஒப்பந்தங்கள் உண்டாகிவிடும். பெங்களூருக்காரர் கடைசி நாளன்று முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டால் அவருக்குத்தான் விற்க வேண்டும்.

பணம் திரும்பும் பாதை

திருப்பிச் செலுத்தும் தொகை, பணம் வந்த அதே கணக்குக்கே போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நீண்ட மௌனத்துக்குப் பின் திடீரெனத் தோன்றி, "என் தம்பி கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்றோ, "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், வித்தியாசத்தை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்றோ கேட்பது மோசடிக்காரர்களின் வழக்கமான முறை. அவர் அனுப்பிய முன்பணமே வேறொருவரிடம் ஏமாற்றிப் பெற்ற பணமாக இருந்தால், காவல்துறை விசாரணையில் உங்கள் கணக்கிலுள்ள தொகை முடக்கப்படவும் கூடும். பணம் செலுத்தியதாக வரும் படத்தை நம்பாமல் உங்கள் கணக்கு அறிக்கையில் வரவைப் பாருங்கள். அனுப்பியவர் பெயரும் வாங்குபவர் பெயரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

திருப்பி அனுப்பும்போது விவரக் குறிப்பில் காரணத்தை எழுதுங்கள். பரிமாற்ற எண்ணைக் குறிப்பிட்டு மறுதரப்புக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். அந்தக் கணக்கு மூடப்பட்டிருந்தால் தொகை உங்களிடமே திரும்பிவரும். அதைச் செலவிட்டுவிடாமல் தனியே ஒரு வைப்பில் போட்டுவைத்து, கேட்டு வரும்போது தருவதாக எழுதி அனுப்பிவிடலாம். வழக்கு என்று வந்தால் வங்கிப் பதிவேடுகளின் சான்றிட்ட நகல் உங்களுக்குக் கைகொடுக்கும். 1891ஆம் ஆண்டின் வங்கியர் பதிவேட்டுச் சான்றுச் சட்டத்தின்படி கிளையில் அதைப் பெறலாம்.

முன்பணத்தைப் பின்தேதியிட்ட காசோலையாக வாங்கியவர்கள், ஒப்பந்தத்தை முறித்தபின் அதைக் கணக்கில் போடக் கூடாது. 2014இல் இண்டஸ் ஏர்வேஸ் வழக்கில், பொருளுக்கு முன்பணமாகக் காசோலை கொடுத்தபின் கொள்முதல் ஆணை ரத்தானால், அக்காசோலை திரும்பியதற்காக 138ஆம் பிரிவுப்படி குற்ற வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே செலுத்த வேண்டிய கடன் எதுவும் இல்லை என்பதே காரணம்.

கடையின் சாவியை முன்கூட்டியே கொடுத்துவிட்டவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். வலைத்தளத்தின் கடவுச்சொல், சமூக ஊடகப் பக்கத்தின் நிர்வாக உரிமை, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றை முழுத் தொகையும் வரவான பிறகே ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே தந்திருந்தால், முறிவுக் கடிதம் அனுப்பிய அன்றே கடவுச்சொற்களை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை உங்கள் எண்ணுக்கே கொண்டுவாருங்கள். நடப்புக் கணக்கு, அதனுடன் இணைந்த யு.பி.ஐ. ஒட்டுத்தாள், சிம் அட்டை, காசோலைப் புத்தகம் ஆகியவை எந்த விற்பனையிலும் சேரா. "கடையோடு கணக்கையும் கொடுங்கள், வாடிக்கையாளர்கள் அதே எண்ணுக்குப் பணம் அனுப்பிப் பழகிவிட்டார்கள்" என்று கேட்பவர் உண்டு. கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்வரை அதில் நடக்கும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் நீங்களே பொறுப்பு. தனி உரிமையாளர் பெயரிலுள்ள ஜி.எஸ்.டி. பதிவும் அவருடைய பான் எண்ணைச் சார்ந்தது. வாங்குபவர் தம் பெயரில் புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கடைக்கு வங்கிக் கடன் இருந்து, சரக்கு அதற்கு ஈடாக இருக்குமானால், விற்பனைப் பேச்சைத் தொடங்கும்போதே கிளைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வங்கியின் இசைவின்றி ஈட்டுச் சரக்கை விற்க இயலாது. முதல் பேரம் முறிந்ததையும் தெரிவியுங்கள். விற்பனைப் பணத்தை நம்பித் தவணையைத் தள்ளிவைத்திருந்தால், நிலுவை தொண்ணூறு நாளைத் தாண்டும்போது கடன் வாராக்கடன் வகைக்குப் போய்விடும். அறிவிப்புகளின் நகல்களுடன் அதற்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தித்தால், புதிய விற்பனை முடியும்வரை தவணையை எப்படிச் சமாளிப்பது என்று பேச இடம் இருக்கும்.